மறுமுனையில் யார்?

மாத்தளை மாவட்டத்து எல்கடுவ மலையிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. சினிமா, சம்பளம், தேர்தல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒருவரைத் தவிர எல்லோரும் கிரிக்கெட்டைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த வாரப் பக்கம் முழுக்க அந்த மலைக்கே.

கேள்வி: கெட்டிக்காரன் எங்கே விழுந்தாலும் முளைத்துவிடுவான். நட்சத்திர வீரர் ஒருவருக்கு அணி எதற்கு முட்டுக்கொடுக்க வேண்டும்?
— தோட்டப் பாடசாலை ஆசிரியர், எல்கடுவ

பதில்: முளைப்பான், சேர். ஆனால் நிழல் மரம் இல்லாத மலையில் கன்று என்ன பாடுபடும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

நம்ம முரளியையே, முத்தையா முரளிதரனையே எடுங்கள். பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர். பேரன் கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். முதலில் மிதவேகப் பந்துதான் போட்டுக்கொண்டிருந்தார். 14 வயதில் அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 800 டெஸ்ட் விக்கெட்டுக்கும் முந்திய முதல் முட்டு அதுதான்.

இரண்டாவது முட்டு மெல்பர்னில், 1995 டிசம்பர் 26 அன்று. நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவருக்குள் ஏழு தடவை நோ-போல் கொடுத்தார். பந்தை எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. பிறந்ததிலிருந்தே முழுதாக நிமிராத முழங்கை அது. 23 வயது இளைஞன், அந்நிய நாடு, பெருங்கூட்டம். அப்போது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க பந்தைப் பிடுங்கி முரளியைப் பவுண்டரியில் ஒளித்துவைத்திருக்கலாம். அவர் முரளியை மறுமுனைக்கு மாற்றிப் பந்தைத் திரும்பக் கையில் கொடுத்தார். அந்த முனையில் நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் ஒரு பந்தைக்கூடக் குறை சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் ஒருநாள் போட்டி. இந்த முறை நடுவர் ரொஸ் எமர்சன். முரளி லெக் ஸ்பின் போட்டுப் பார்த்தார். அதற்கும் நோ-போல்! அதன்பிறகு மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் கையை அளந்து, எறிபந்து இல்லை என்று தீர்ப்பானது. 1996 மார்ச் 17 அன்று லாகூரில் உலகக் கிண்ணத்தைத் தூக்கிய அணியில் அவர் இருந்தார். மெல்பர்னோடு கைவிட்டிருந்தால், கண்டியில் பிஸ்கட் வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டு நல்ல மனிதராக வாழ்ந்திருப்பார். நமக்குத்தான் முரளி கிடைத்திருக்க மாட்டார்.

கேள்வி: 1999-இல் அடிலெய்டில் அர்ஜுன அணியைக் கூட்டிக்கொண்டு எல்லைக்கோடு வரை போனாரே, அது ஒழுங்கீனம் என்கிறார் எங்கள் அப்பா. நீங்கள் யார் பக்கம்?
— உயர்தர மாணவன், எல்கடுவ

பதில்: அப்பாவிடம் மரியாதையோடு சொல்லு தம்பி, நான் அர்ஜுன பக்கம்.

1999 ஜனவரி 23, இங்கிலாந்துடன் ஒருநாள் போட்டி. மறுபடியும் அதே எமர்சன், அதே நோ-போல். அர்ஜுன விரலை நீட்டி வாதாடினார், அணியை எல்லைக்கோடு வரை நடத்திக்கொண்டு போனார், ஆட்டம் நின்றது. நடுவரை எதிர்ப்பது பிழை என்கிற உன் அப்பாவின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அர்ஜுன அதற்கு அபராதமும், ஆறு போட்டிகளுக்கு ஒத்திவைக்கப்பட்ட தடையும் வாங்கினார். ஆனால் தண்டனை யார் தலையில் விழுந்தது பார். பிள்ளையை வகுப்பில் அவமானப்படுத்தும்போது வாசலில் வந்து நிற்கிற தகப்பன், 'எனக்கு என்ன ஆகும்' என்று கணக்குப் பார்ப்பதில்லை. அன்றைக்கு இங்கிலாந்து எடுத்தது 302. மஹேல ஜயவர்தன 120 அடித்தார், ஒரு விக்கெட் மிச்சமிருக்க நாம் வென்றோம். தலைவர் ஒருவருக்காக நின்றால் மற்றப் பத்துப் பேரும் எப்படி ஆடுவார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கேள்வி: கனடாவில் இருக்கும் என் தம்பி மகன், 'அத்தை, நீங்கள் குவாட்டர்பெக் பார்க்க வேண்டும்' என்கிறான். அது என்ன சாமான்?
— ஓய்வுபெற்ற தாதி, எல்கடுவ

பதில்: சாமான் இல்லை அக்கா, ஆள். அமெரிக்க ஃபுட்போலில் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுக்கிறவர். சம்பளம், புகழ், விளம்பரம் எல்லாம் அவருக்கு. அவருக்கு முன்னால் ஐந்து மலைபோன்ற ஆட்கள் சுவராக நிற்பார்கள். எதிரணி பாய்ந்து வந்து அவரை விழுத்தாமல் தடுப்பது அவர்கள் வேலை. அந்த ஐந்து பேரின் பெயர் வீதியில் போகிற யாருக்கும் தெரியாது.

இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி 2012-இல் அன்ட்ரூ லக் என்பவரை முதல் ஆளாகத் தெரிவுசெய்தது. அருமையான விளையாட்டுக்காரர். ஆனால் முன்னால் நின்ற சுவர் பல ஆண்டுகள் ஓட்டைச் சுவர். தோள், விலா, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாக அடிபட்டது. 2017 பருவம் முழுக்க அவரால் ஆட முடியவில்லை. அணி ஒருவழியாகச் சுவரைச் சரிக்கட்டியபோது காலம் கடந்துவிட்டது. 2019 ஆகஸ்டில், 29 வயதில், வலி தாங்க முடியவில்லை என்று விலகினார். செய்தி கசிந்த இரவில் சொந்த ஊர் ரசிகர்களே அவரைப் பார்த்து ஊளையிட்டார்கள்.

எதிர்மாறான கதையும் உண்டு. கன்சாஸ் சிட்டி அணியின் பெட்ரிக் மஹோம்ஸ் 2021 பெப்ரவரி இறுதிப் போட்டியில் இரவு முழுக்க உயிரைக் காப்பாற்ற ஓடினார். 31-9 என்று தோற்றார்கள். நிர்வாகம் அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த பருவத்துக்குள் ஐந்து காவலர்களையும் புதிதாக நிறுத்தியது. 2023 பெப்ரவரி இறுதிப் போட்டியில், அந்தப் பருவத்தில் எதிரணிகளின் குவாட்டர்பெக்குகளை 70 தடவை விழுத்திய பிலடெல்பியா அணியால் மஹோம்ஸை ஒருதடவைகூட விழுத்த முடியவில்லை. கிண்ணம் கன்சாஸ் சிட்டிக்கு. தம்பி மகனிடம் இதைச் சொல்லுங்கள், வாயடைத்துப் போவான்.

கேள்வி: அப்படியானால் முரளியை நம் அணி முழுக்கத் தாங்கியது என்று சொல்லலாமா?
— தொழிற்சாலை உத்தியோகத்தர், எல்கடுவ

பதில்: மானத்தைத் தாங்கியது. தோளைத் தாங்கவில்லை.

முரளி 133 டெஸ்டுகளில் வீசிய பந்துகள் 44,039. ஷேன் வார்ன் 145 டெஸ்டுகளில் 40,705. ஒரு டெஸ்டுக்கு என்று பிரித்தால் முரளி சுமார் 55 ஓவர், வார்ன் சுமார் 47. வார்னுக்கு மறுமுனையில் 563 விக்கெட் எடுத்த மெக்ரா இருந்தார். முரளிக்கு சமிந்த வாஸ் இருந்தார், 355 விக்கெட். அவருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டவர்கள். வாஸை விட்டால், காலையிலும் முரளி, மாலையிலும் முரளி. மலையில் நன்றாகக் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணையே எல்லா நிரைக்கும் அனுப்புகிற கங்காணியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அவளுக்குக் கொடுக்கிற மரியாதை இல்லை.

ரங்கன ஹேரத் 1999-இலேயே டெஸ்ட் ஆடிவிட்டார். பிறகு ஆண்டுக்கணக்காக உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். 2009-இல் அவசரத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது இங்கிலாந்தில் கழக ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்கள். வந்து இறங்கி, காலியில் பாகிஸ்தானை 117-க்குச் சுருட்டுவதற்கு 15 ஓட்டம் கொடுத்து நான்கு விக்கெட் எடுத்தார். முடிவில் 433 விக்கெட். அப்படிப்பட்ட ஒருவர் முரளியின் மறுமுனையில் பத்து ஆண்டு நின்றிருந்தால் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் மனம் பதைக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. 2010 ஜூலை 22, காலி. 800-ஆவது விக்கெட்டாக இந்திய வீரர் ஓஜாவின் பிடியை ஸ்லிப்பில் எடுத்தவர் மஹேல. டெஸ்டில் முரளியின் பந்துக்கு அவர் எடுத்த 77-ஆவது பிடி அது.

கேள்வி: அஞ்சலோ மெத்யூஸுக்கு நடந்தது என்ன? சுருக்கமாகச் சொல்லவும்.
— முச்சக்கரவண்டிச் சாரதி, எல்கடுவ

பதில்: சுருக்கமாகச் சொன்னால் அநியாயம். கொஞ்சம் நீட்டினால் இப்படி.

2013-இல் 25 வயதில் டெஸ்ட் தலைவர். 2014-இல் ஹெடிங்லியில் 160 அடித்து, இங்கிலாந்து மண்ணில் தொடரை வென்று கொடுத்தார். 2016-இல் அவுஸ்திரேலியாவை 3-0 என்று வெள்ளையடித்தார். 2017-இல் சிம்பாப்வேயிடம் சொந்த மண்ணில் ஒருநாள் தொடர் போனது, விலகினார். 2018 ஜனவரியில் நிர்வாகமே மறுபடி கூப்பிட்டுத் தொப்பியைப் போட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத்தில் பங்களாதேஷிடமும் ஆப்கானிஸ்தானிடமும் தோற்றதும் ஒருநாள் தலைமையிலிருந்து தூக்கினார்கள். தன்னைப் பலிக்கடா ஆக்கிவிட்டார்கள் என்று அவர் கடிதமே எழுதினார். அடுத்த தொடருக்கு உடற்தகுதி இல்லையென்று அணியிலும் இடமில்லை.

தோற்ற தலைவரை மாற்றுவது தெரிவுக்குழுவின் உரிமை. ஆனால் கெஞ்சிக் கூப்பிட்டு உட்காரவைத்த ஆளை எட்டு மாதத்தில் எழுப்பிவிடுவது எந்த வீட்டு வழக்கம்? இதற்கெல்லாம் பிறகும் அவர் 2025 ஜூன் வரை, 8,000 ஓட்டங்களுக்கு மேல் எடுத்து, டெஸ்ட் ஆடினார். அது அவருடைய பொறுமை. நிர்வாகத்துக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

கேள்வி: நிர்வாகத்தைப் பற்றி வீரர்கள் யாரும் வாய் திறப்பதில்லையே, ஏன்?
— கடை முதலாளி, எல்கடுவ

பதில்: 2011 ஜூலையில் லோர்ட்ஸில் சங்கக்கார திறந்தார். உலகமே எழுந்து நின்று கைதட்டியது. இங்கே அமைச்சர் விசாரணை என்றார். போதுமா? இன்னும் வேண்டுமென்றால், அரசியல் தலையீடு என்று 2023 நவம்பரில் ஐ.சி.சி. நம்மை இடைநிறுத்தியது. அதனால் இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளைகள் கட்டிய விலை.

கேள்வி: தலைவரே அணிக்குப் பாரமானால்?
— அதே கடை முதலாளி

பதில்: 2014-ஐப் பாருங்கள். இருபது ஓவர் உலகக் கிண்ணத்தின் நடுவில், ஓவர் வீசத் தாமதமானதற்காகத் தலைவர் சந்திமாலுக்கு ஒரு போட்டித் தடை. தடை முடிந்த பிறகும் அரையிறுதிக்கும் இறுதிக்கும் அவர் தானாக ஒதுங்கி நின்றார். மாலிங்க தலைமை தாங்கினார். ஏப்ரல் 6 அன்று டாக்காவில் இந்தியாவை ஆறு விக்கெட்டால் வென்றோம். அந்த வெற்றியில் ஆடாத சந்திமாலுக்கும் ஒரு பங்கு எழுதிவையுங்கள்.

கேள்வி: ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்களே. சமரி அக்காவை மறந்துவிட்டீர்களா?
— பதினோராம் வகுப்பு மாணவி, எல்கடுவ

பதில்: மறக்கவில்லை தங்கச்சி. கடைசியில் வைத்துத் தர நினைத்த பலகாரம் அது.

2017 ஜூன் 29, பிரிஸ்டல், உலகக் கிண்ணம், அவுஸ்திரேலியா. இலங்கையின் மொத்த ஓட்டம் 257. அதில் சமரி அத்தபத்து மட்டும் ஆட்டமிழக்காமல் 178. மிச்சப் பேர் எல்லோரும் சேர்ந்து, உதிரிகளையும் கூட்டி, 79. போட்டி தோல்வி. ஒரு பெண் ஒரு நாட்டையே முதுகில் கட்டிக்கொண்டு ஓடினால் அவ்வளவு தூரம்தான் போகலாம்.

இப்போது உங்கள் மாவட்டத்துக்கே வா. 2024 ஜூலை 28, தம்புள்ளை, மகளிர் ஆசியக் கிண்ண இறுதி. இந்தியா 165. சமரி 61 அடித்துவிட்டு ஆட்டமிழந்தார். இன்னும் எழுபதுக்கு மேல் வேண்டும். பழைய நாட்களில் அந்த இடத்திலேயே பலர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்திருப்பார்கள். அன்றைக்கு மறுமுனையில் ஹர்ஷிதா சமரவிக்ரம நின்றார், ஆட்டமிழக்காமல் 69. கவிஷா டில்ஹாரி வந்து 30. எட்டு விக்கெட்டால் வெற்றி, முதல் ஆசியக் கிண்ணம். வெற்றி ஓட்டம் வந்தபோது சமரி வெளியில் இருந்தார். அது எனக்கு அவருடைய 178-ஐவிடப் பெரிய காட்சி.

கேள்வி: எங்கள் தோட்டத்து அணியில் 14 வயதுப் பொடியன் ஒருவன் பயங்கர வேகமாகப் போடுகிறான். அவனை எப்படி முன்னுக்குக் கொண்டுவருவது?
— இளைஞர் கழகத் தலைவர், எல்கடுவ

பதில்: அந்தப் பொடியனை நான் பார்த்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். சித்திரை விடுமுறையில் வத்தேகமயிலிருந்து பஸ் ஏறி உங்கள் பக்கம் வந்திருந்தேன். லயத்துக்குக் கீழே மைதானம், ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலை. ஒரு மெலிந்த பையன், ஒரு கால் செருப்பில் கம்பி கட்டியிருந்தது. அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலில் ஓடிவந்து போட்டான். அடித்த பந்து தேயிலைக்குள் விழுந்தது. மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். பந்து போட்டவனே இறங்கிப் போய், அட்டை கடிக்கத் தேடி எடுத்து வந்து, மூச்சு வாங்க அடுத்த பந்தையும் போட்டான். மூன்று ஆட்டம், எல்லாவற்றிலும் முதல் ஓவரும் கடைசி ஓவரும் அவனுக்கே. தண்ணீர்ப் போத்தல் அவனிடம் வரும்போது காலியாகிவிட்டது.

அண்ணன், உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. வசதி இல்லாத மலையில் கழகம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் காசு இல்லாமலே செய்யக்கூடியவை இருக்கின்றன. இங்கிலாந்தில் பல ஆண்டுகள் இருந்த வழிகாட்டலின்படி, 15 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரே மூச்சில் ஆறு ஓவர், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஓவர், அதற்கு மேல் இல்லை. ஒரு கொப்பியில் அவனுடைய பந்துகளை எண்ணி எழுதுங்கள். முதுகு வலிக்கிறது என்று சொன்னால், 'நடிக்கிறான்' என்று சொல்கிற வாயை முதலில் மூடுங்கள். தேயிலைக்குள் விழுந்த பந்தை இன்னொருவன் எடுத்து வரட்டும். மாத்தளையிலோ கண்டியிலோ தெரிவு நடந்தால், பஸ் காசு கொடுத்துத் தனியாக அனுப்பாமல் ஒருவர் கூடப் போங்கள். அங்கே பெயர் கேட்கும்போது அவன் வாய் ஒட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட, இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பையனைக் கூப்பிட்டு மறுமுனையிலிருந்து போடச் சொல்லுங்கள். முதல் நாள் வைட் வைடாகப் போடுவான். போடட்டும். அடுத்த ஞாயிறும் அவனிடமே பந்தைக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இரண்டு பையன்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும்.