ஐந்து பந்தி, ஒரே விருந்தாளி

பெறுநர்: தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, பெங்களூரு.

பொருள்: கிளாட் நுழைவுத் தேர்வில் நான்கு பாடங்கள் காணாமல் போனது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய துணைவேந்தர்களே,

இளநிலைச் சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வில் ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகள், சட்ட அறிவு, தர்க்க அறிவு, கணக்கு என ஐந்து பாடங்கள் இருப்பதாகத் தங்கள் அறிவிப்பு சொல்கிறது. 120 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 22 முதல் 26 வரை. நியாயமான பங்கு, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வினாத்தாளைப் பிரித்தால் மற்ற நான்கு பாடங்களும் ஆங்கிலப் பத்திகளாகவே வந்து நிற்கின்றன. ஒரு பத்தி 450 சொற்கள் வரை நீளும். கேள்விகள் 120, நிமிடங்களும் 120. பத்தியைப் படிக்கும் நேரமும் அதற்குள்தான். கணக்குகூடப் பத்திக்குள் ஒளிந்திருக்கிறது. ஐந்து பேருக்கு இலை போட்டுவிட்டு ஐந்திலும் ஒரே ஆளை உட்காரவைத்த பந்தி இது. பசியோடு வாசலில் நிற்கும் மற்ற நால்வர் சார்பில் இந்தப் புகார்.

சட்ட அறிவுப் பகுதியையே எடுத்துக்கொள்வோம். இதற்கு முன்கூட்டியே சட்டம் தெரிந்திருக்க வேண்டாம் என்கிறீர்கள். பத்தியில் ஒரு விதி இருக்கும், கீழே ஒரு சம்பவம் இருக்கும், இரண்டையும் பொருத்திப் பார்த்தால் போதும். உதாரணத்துக்கு, அனுமதியின்றி அடுத்தவர் நிலத்தில் நுழைவது அத்துமீறல் என்பது விதி. ‘அ’வின் ஆடு ‘ஆ’வின் வயலில் மேய்ந்துவிட்டது, ‘அ’ பொறுப்பாளியா? வரப்புத் தகராறுகளைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை இதற்குப் பதில் சொல்வதோடு நிற்காது. ஆடு தானாகப் போனதா, ஓட்டிவிட்டார்களா, வேலியை அடைக்க வேண்டியவர் யார் என்று மூன்று எதிர்க்கேள்வி போடும். வக்கீல் புத்தி என்பது அதுதான். அதே ஆடு ஆங்கிலத்தில் மேயும்போது ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்ற முள்வேலியில் பிள்ளையின் கால் மாட்டுகிறது; தவறான விடைக்குக் கால் மதிப்பெண்ணும் போகிறது. பிள்ளைக்குச் சட்டம் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். வராதது சட்டமா, வேலியா?

நீதிமன்றமே ஆங்கிலத்தில்தானே நடக்கிறது என்று தாங்கள் கேட்பீர்கள். அரசமைப்பின் 348ஆம் பிரிவு சொல்வது உச்ச நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றங்களையும் பற்றி. தமிழ் ஆட்சிமொழிச் சட்டத்தை 1976இல் திருத்தி, கீழமை நீதிமன்றங்களுக்குள் தமிழைக் கொண்டுவந்து அரை நூற்றாண்டாகிறது. புகாரும் வாக்குமூலமும் சாட்சியமும் தமிழில் பிறக்கின்றன. பட்டாவும் அடங்கலும் பெரும்பாலும் தமிழே பேசுகின்றன. ஆங்கிலம் இல்லாமல் நீதி இல்லை என்றால், இனிக் குற்றங்களையும் ஆங்கிலத்திலேயே செய்யும்படி பொதுமக்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடலாம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறதே என்பது அடுத்த வாதம். மருத்துவக் கல்லூரி வகுப்பும் அப்படித்தான். ஆனாலும் நீட் தேர்வை 13 மொழிகளில் நடத்துகிறார்கள். இதயத்தை அறுக்கப்போகிறவர் தமிழில் தேர்வெழுதலாம், விவாகரத்து மனு எழுதப்போகிறவர் எழுதக் கூடாதா? வேடிக்கை என்னவென்றால், சட்டம் படித்து முடித்த பின் எழுதும் அகில இந்திய பார் தேர்வில் தமிழ் உண்டு. வெளியே போகும் வாசலில் தமிழுக்கு அனுமதி இருக்கிறது, உள்ளே வரும் வாசலில்தான் இல்லை.

மொழிபெயர்ப்பில் பிழை வரும் என்பதுதான் தங்கள் தரப்பின் வலுவான வாதம். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் வழங்கச் சொன்னதும், உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததும் ஊரறிந்த கதை. ஆனால் அடுத்த ஆண்டு நீட் நடத்துகிறவர்கள் தமிழைத் தூக்கிவிடவில்லை. சோற்றில் கல் வந்தால் அரிசியைக் களைவார்கள். அடுப்பை இடிக்க மாட்டார்கள். மேலும், மொழிபெயர்ப்பே இல்லாத தங்கள் ஆங்கில வினாத்தாளின் பிழைகள் 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போயின. கேள்வி தயாரித்ததில் இருந்த அலட்சியத்தை நீதிபதிகள் வேதனையோடு குறிப்பிட்டார்கள். ஆக, பிழை செய்ய இன்னொரு மொழி தங்களுக்குத் தேவைப்படவில்லை. 2023இல் கிளாட்டை மற்ற இந்திய மொழிகளிலும் நடத்தக் கேட்கும் கோரிக்கை தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, நடைமுறைச் சிரமம் என்றீர்கள். சிரமம் உண்மைதான். ஆனால் அதைச் சுமக்க வேண்டியவர் 4,000 ரூபாய் விண்ணப்பக் கட்டணம் வாங்குகிறவரா, கட்டுகிறவரா?

கேட்பது பெரிய விஷயமில்லை. ஆங்கிலப் பகுதி ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். வேண்டுமானால் அதற்கு ஒரு குறைந்தபட்ச மதிப்பெண்கூட வையுங்கள். மற்ற நான்கையும் மாணவர்களின் அவரவர் மொழியில் கொடுங்கள். ஆங்கிலத்தைச் சொல்லித்தர ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. எதிர்க்கேள்வி கேட்கும் புத்தியைச் சொல்லித்தர எந்த செமஸ்டரிலும் பாடம் இல்லை.

இக்கடிதத்தில் பிழை இருப்பதாகத் தாங்கள் கருதினால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தாங்கள் மாணவர்களிடம் வசூலித்த அதே 1,000 ரூபாய்தான், வரி ஒன்றுக்கு. ஆட்சேபம் சரி என்று நாங்களே முடிவு செய்தால் பணம் திருப்பித் தரப்படும். ஆட்சேபத்தைத் தமிழில் மட்டுமே அனுப்ப வேண்டும். பாகுபாடு எதுவும் இல்லை, நடைமுறைச் சிரமம்தான்.

இப்படிக்கு,
வாசலில் நிற்கும் நால்வருக்காக