ஞாயிற்றுக்கிழமை நரசிம்மருக்கு

அல்வால், ஹைதராபாத், அக்டோபர் 2024

ஏரிகளைக் காக்க வந்த, கேட்டவர் நடுங்கும் ஹைட்ரா பெருமானே,

செப்டம்பர் 30 அன்று தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் தங்களுக்கு நேர்ந்த அவமானத்தில் அல்வால்வாசிகள் நாங்கள் துடித்துப்போயிருக்கிறோம். அமீன்பூரில் ஒரு கட்டடத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஏன் இடித்தீர்கள் என்று நீதிபதி கே. லக்ஷ்மண் கேட்டிருக்கிறார். தாசில்தார் கேட்டுக்கொண்டார் என்று தங்கள் ஆணையர் ரங்கநாத் சொல்ல, அவர் சொன்னால் சார்மினாரையும் இடிப்பீர்களா என்று அடுத்த கேள்வி. அவதார இலக்கணம் தெரியாத கேள்விகள். இரணியன் வாங்கிய வரத்தில் பகலும் உண்டு, இரவும் உண்டு. அந்தி மட்டும் விட்டுப்போயிருந்தது, நரசிம்மர் அதில் வந்தார். அரசியல் சட்டம் எங்களுக்குத் தந்த வரத்தில் விட்டுப்போனது கோர்ட் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. தாங்கள் அதில் வருகிறீர்கள்.

ஹைதராபாதின் ஏரிகளையும் அரசு நிலங்களையும் காக்கும் அமைப்பாக ஜூலையில் ஓர் அரசாணையில் பிறந்தீர்கள். ஆகஸ்ட் 24 அன்று, சனிக்கிழமை, மாதாப்பூர் தம்மிடிகுண்டா ஏரியில் நடிகர் நாகார்ஜுனாவின் என் கன்வென்ஷன் மண்டபம் தரைமட்டம். உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடை அன்றே வந்தது. தடுப்பதற்குத்தான் அங்கே கட்டடம் இல்லை. ஊர் கைதட்டியது. நட்சத்திரத்தின் மண்டபமே போய்விட்டது, இனி யார்தான் தப்ப முடியும் என்று மகிழ்ந்தது. செப்டம்பர் 22 அன்று கூகட்பள்ளி நல்லசெருவில் பொக்லைன்கள் இறங்கியபின் அதே கேள்வியை வேறு குரலில் கேட்கத் தொடங்கியது. (அதுவும் ஞாயிறு, சொல்ல வேண்டுமா?) அடுத்த சில நாட்களில், மகள்களின் வீடுகளும் போய்விடும் என்று அஞ்சி அந்தப் பகுதியில் ஒரு தாய் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர்களுக்கு நோட்டீஸே கொடுக்கவில்லை என்று தங்கள் தரப்பு விளக்கம் சொன்னது. சொல்லாமல் வந்து இடிப்பவர் என்று பெயரெடுத்துவிட்டு, நோட்டீஸ் கொடுக்கவில்லை என்றால் அது யாருக்கு ஆறுதல்? காகிதம் வந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு வக்கீலிடமாவது ஓடியிருப்பார்களே. வதந்தியை எந்தக் கோர்ட்டில் காட்டுவது? மன்னிக்க வேண்டும் பெருமானே, குரல் உயர்ந்துவிட்டது. இன்று வேலைநாள் என்ற தைரியம்.

ஏரிகள் வேண்டாமா என்பார்கள் தங்கள் பக்தர்கள். வேண்டும். 1908 செப்டம்பரில் மூசி பெருகியதை இந்த நகரம் மறக்கவில்லை. 2020 அக்டோபர் மழையில் ஏரி நீர் தெருக்களில் ஓடியதை மறக்கவே முடியாது. ஆக்கிரமிப்பு உண்மை, அதில் கொழுத்தவர்களும் உண்மை. கடந்த மாதம் 17ஆம் தேதி நாடு முழுவதும் புல்டோசர்களை நிறுத்தச் சொன்ன உச்ச நீதிமன்றம்கூட நீர்நிலைகளுக்கு விலக்கு வைத்தது. சட்டம் தங்கள் பக்கம்தான் நிற்கிறது. திங்கட்கிழமை வாதாடி ஜெயிக்கக்கூடியவர் எதற்காக ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும்? நோட்டீஸ் கொடுத்தால் பணக்காரர்கள் தடை வாங்கிவிடுவார்கள் என்பது அடுத்த பதில். துர்கம் செருவில் முதல்வரின் அண்ணன் வீட்டிலும் நோட்டீஸ் ஒட்டப்பட்டது. 30 நாள் அவகாசம். ஒட்டியது வருவாய்த் துறை, தாங்கள் அல்ல, சரி. அந்த முப்பது நாளில் ஏரி எங்கும் ஓடிப்போய்விடவில்லை. ஏரி நிலத்தில் கட்ட அனுமதி தந்ததாக ஆறு அதிகாரிகள்மேல் தங்கள் பரிந்துரையில் வழக்கு பதிவானதையும் மறைக்க மாட்டோம், பாராட்டுகிறோம். ஆனால் அவர்களுக்கு எஃப்ஐஆர், விசாரணை, ஜாமீன், மேல்முறையீடு. அந்தக் கையெழுத்தை நம்பிக் கடன் வாங்கியவருக்குப் பொக்லைன். ‘அந்நியன்’ படத்தில் அந்நியன்கூட குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டுத்தான் தண்டித்தான். எண்ணெய்க் கொப்பரை கொதிக்கிற வரையிலாவது பேச நேரம் இருந்தது.

வெளிவட்டச் சாலை வரை தங்கள் எல்லை என்பதால் அல்வாலும் தங்கள் திருவடியில்தான் இருக்கிறது. எங்களுக்கும் சின்னராயுனி செருவு உண்டு, கொத்த செருவு உண்டு; இரண்டும் பிழைக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பமும். ஆகவே வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, கோர்ட் நடக்கும் நேரத்தில். முழுக் கொள்ளளவு எல்லையைக் காட்டும் சர்வே வரைபடம் கையில் இருக்கட்டும். எல்லைக் கல்லை முதலில் நடுங்கள், எங்கள் ஆட்சேபத்தை எழுதி வாங்குங்கள், பிறகு இடிப்பதை இடியுங்கள். வரும்போது அனுமதியில் கையெழுத்துப் போட்டவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இங்கே பலருக்கு ஆசை.

இப்படிக்கு,
வார நாட்களில் மட்டும் அஞ்சாத,
அல்வால்வாசிகள்