தாங்கிக்கு ஒரு இடம் வேணும், மருமோன்

மருமோன், நீர் போட் வாங்கின கதை எனக்குக் கடைசியாத்தான் வந்து சேர்ந்தது. பரவாயில்லை. பருத்தித்துறைக் கடலில முடி நரைச்சவனிட்டக் கேக்கிறதைவிட யூரியூப்பில தொப்பி போட்ட வெள்ளைக்காரனிட்டக் கேக்கிறது சுகம்தானே. அவன் திருப்பி ஒரு கேள்வியும் கேக்கமாட்டான்.

சாமான் திறம். 14 அடி அலுமினியம், மூண்டு வாங்கு, பின்னுக்கு 9.9 குதிரைவலு மோட்டர். அந்த 9.9இல உம்மட மூளை தெரியுது. 10 எண்டால் கனடாக்காரனிட்ட அனுமதி எடுத்து, படகின்ர ரெண்டு பக்கமும் இலக்கம் எழுதவேணும். தசம் ஒண்டைக் குறைச்சுத் தப்பீட்டீர். கணக்காளர் எல்லே. படகோட்டுற அட்டையையும் சோபாவில சரிஞ்சிருந்து இணையத்தில சோதனை எழுதியே எடுத்துப்போட்டீராம். நாங்கள் வாந்தி எடுத்துப் படிச்ச பாடத்தை நீர் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு படிச்சிருக்கிறீர். காலம் முன்னேறத்தான் வேணும்.

ஆனால் அந்தக் கணக்கு மூளை பெற்றோல் தாங்கியைக் கண்டவுடன எங்க போனது எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. 25 லீற்றர்! உந்த மோட்டர் முழு வேகத்தில ஓடினாலும் மணித்தியாலத்துக்கு நாலு லீற்றருக்குக் கிட்டத்தான் குடிக்கும். நீர் போறது சிம்கோ வாவியில குக்ஸ் குடாவுக்குள்ள பேர்ச் மீன் பிடிக்க. கோடியக்கரைக்கு இல்லை. 12 லீற்றர் தாங்கி வடிவாக் காணும். போக மூண்டில ஒரு பங்கு, வர ஒரு பங்கு, காத்து மாறினால் கைகாவலுக்கு ஒரு பங்கு. வாங்கினதை வாங்கிப்போட்டீர், பாதிக்கு நிரப்பிக்கொண்டு போம். முழுக்க நிரப்பினாலும் கழுத்து மட்டும் விடாதையும். வெயிலுக்குப் பெற்றோல் விரியும், அதுக்கு மேல கொஞ்சம் இடம் வேணும்.

இப்ப பாரத்துக்கு வருவம். நீர் 90 கிலோ. கோவிக்காதையும், மகள் சொன்ன கணக்கு. மோட்டர் ஒரு 40. மீன் காட்டுற பெட்டிக்கெண்டு வாங்கின பற்றறி 20க்கு மேல. நிரப்பின தாங்கி இன்னொரு 20. இவ்வளவும் பின்வாங்கைச் சுத்தி. அணியத்தில என்ன கிடக்கு? மட்டன் ரோல்ஸ் பெட்டி. மோட்டரை முறுக்கின உடன படகு விதானையார் வீட்டு நாய் மாதிரிப் பின்னால குந்திக்கொண்டு வானத்தைப் பாக்கும். முன்னுக்கு என்ன வருதெண்டு உமக்குத் தெரியாது. திடீரெண்டு வேகத்தைக் குறைச்சால் உம்மட அலையே பின்னுக்கு வந்து மோட்டர் பலகைக்கு மேலால உள்ளுக்கு ஏறும். போட்டில ஒட்டியிருக்கிற தகட்டை ஒருக்கா வாசியும். எத்தினை பேர், எத்தினை கிலோ எண்டு அதில அடிச்சிருக்கு. ஆக்கள், மோட்டர், தாங்கி எல்லாம் சேத்துத்தான் அந்தக் கணக்கு. ரோல்ஸும் அதுக்குள்ள.

ஆனபடியால் தாங்கியை நடுவாங்கடிக்குக் கொண்டுபோம். வாங்கடிக்கு எண்டுதான் சொல்லுறன், வாங்குக்குள்ள எண்டு சொல்லேல்லை. இதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளும். ஏனெண்டால் நீர் வாளும் கையுமா நிண்டு, வாங்கை வெட்டி உள்ளுக்குக் கிடக்கிற வெள்ளைப் பஞ்சை எடுத்துப்போட்டு, தாங்கிக்கு அறை கட்டப்போறதாச் சின்னவன் வந்து சொன்னான். மகராசா, அது படகு செய்தவன் தெரியாமல் விட்டுட்டுப்போன குப்பை இல்லை. படகுக்குள்ள தண்ணி நிறைஞ்சால், அலுமினியத்தை அடிக்குப் போகவிடாமல் பிடிச்சு வைச்சிருக்கிறது அந்த நுரைதான். அதை எடுத்துப்போட்டு அந்த இடத்தில பெற்றோலை வைக்கிறது, மிதக்கிற சாமானை வித்து எரியிற சாமானை வாங்கிறது. அதோட பெற்றோல் ஆவி காத்தைவிடப் பாரம். மேல போகாது, அடியில இறங்கிப் படுத்திருக்கும். மூடின அறைக்குள்ள அது சேந்துகொண்டிருக்க, பக்கத்தில பற்றறி வயர் ஒரு பொறி விட்டால், பேந்து பேர்ச் மீனை நீர் பொரிக்கத் தேவையில்லை. தாங்கி காத்துப்படத் திறந்த இடத்தில இருக்கட்டும். பற்றறி அதுக்கு எட்டத்தில இருக்கட்டும். பற்றறியை அணியத்துக்குக் கொண்டுபோனால் பாரத்துக்கும் நல்லது.

தாங்கி ஓடித் திரியாமல் கட்டவேணும்தான். அதுக்காகத் துளைபோடுற மெசினை எடுத்துக்கொண்டு படகின்ர அடியில ஓட்டை போடாதையும். போட்ட ஓட்டையை அடைக்க சிலிக்கன், சிலிக்கன் விட்டால் இன்னொரு சிலிக்கன், அது ஒரு தொடர்கதை. வாங்கின்ர நிமிந்த பக்கத்தில சின்னக் கொளுவி ரெண்டு ரிவெற் அடிச்சு, பட்டி போட்டு இறுக்கினால் முடிஞ்சுது. கீழ ஒரு றப்பர் விரிப்புப் போடும். மண் துணிக்கை தாங்கிக்கடியில கிடந்து நாள் முழுக்க அராவிக்கொண்டிருக்கும். பலகைத் தட்டு ஒண்டு செய்யப்போறீர் எண்டால், உம்மட வளவு வேலிக்கு மிஞ்சின பச்சை மருந்துப் பலகையைத் தொடாதையும். அந்த மருந்தில செம்பு இருக்கு. ஈரமும் சேந்தால் செம்பு அலுமினியத்தைத் தின்னும். மிச்சம் பிடிச்ச பலகைக்காகப் படகைக் குடுக்கிறது எந்தக் கணக்குப் புத்தகத்தில இருக்கெண்டு எனக்குத் தெரியாது.

தாங்கி முன்னுக்குப் போனால் குழாய் நீளவேணும். பெற்றோலுக்கெண்டு செய்த படகுக் குழாயே வேணும், பூமரத்துக்குத் தண்ணி விடுறது இல்லை. ஒடுங்கின குழாய் எண்டால் மோட்டர் இழுத்து இழுத்துக் களைச்சுப்போம். உம்மட கால் மிதிக்காத ஓரத்தால அதைக் கொண்டுபோம். நடுவில இருக்கிற றப்பர்க் குமிழில ஒரு அம்புக்குறி கிடக்கு. அது மோட்டரைப் பாக்கவேணும். மாறிப் பூட்டிப்போட்டு விடியவிடியக் குமிழை அமத்தினாலும் கை பலக்கும், மோட்டர் பத்தாது. அம்பு மேல பாக்கப் பிடிச்சு, குமிழ் இறுகுமட்டும் அமத்தும்.

மூடியையும் பாரும். பழைய தாங்கி எண்டால் மூடியில காத்துத் திருகாணி இருக்கும். அதைத் திறக்காமல் வெளிக்கிட்டால், மோட்டர் கரையில நல்ல பிள்ளையாப் பத்தி, நடு வாவியில நிண்டுபோம். தாங்கியும் வயிறு ஒட்டிப்போம். நீர் மோட்டரைக் கழட்டி, கூட வந்த ஆக்களுக்கு உம்மட இஞ்சின் அறிவைக் காட்டிக்கொண்டிருப்பீர். உம்மடது புதுசு. 2011இல வந்த அமெரிக்கச் சட்டத்துக்குப் பிறகு ஆவி வெளியில போகாமல் தானாப் பூட்டிக்கொள்ளுற மூடிதான் வருது. அதனால வெயிலுக்குத் தாங்கி பலூனா வீங்கும், அமுக்கத்தில பெற்றோலை மோட்டருக்குள்ள தள்ளும். நிப்பாட்டி வைக்கேக்க மோட்டர்ப் பக்கம் குழாயைக் கழட்டிவிடும். திரும்பப் பூட்டமுந்தி மூடியை மெல்லத் திறந்து மூச்சு விடச்செய்யும், சுருட்டுக்காரர் ஒருத்தரும் கிட்ட நிக்காத நேரமாப் பாத்து.

நிரப்பிறது எப்பவும் கரையில. படகுக்குள்ள வைச்சு இல்லை, வானுக்குள்ள கம்பள விரிப்பில வைச்சும் இல்லை. தாங்கி நிலத்தில இருக்கவேணும், குழாய்வாய் தாங்கியில முட்டிக்கொண்டு இருக்கவேணும். இல்லாட்டி நிலைமின்சாரம் பொறி விடும். இது மாமாவின்ர கண்டுபிடிப்பில்லை, கனடா அரசாங்கத்தின்ர படகுப் பாதுகாப்புப் புத்தகமும் தாங்கியைக் கரைக்கு எடுக்கத்தான் சொல்லுது. 1990களில ஊரில பெற்றோல் தடை. மண்ணெண்ணெயில ஓடின மோட்டர்சைக்கிளைப் பத்தவைக்க, மருந்துப் போத்தலில வைச்சிருந்த பெற்றோலில ரெண்டு துளி விடுவம். அப்பிடிப் பாத்த கண்ணுக்கு, நீர் போன கிழமை வான் கதவடியில சிந்தினது ஒரு ஊர்வலத்துக்குக் காணும்.

மற்றது, அணியம் இன்னும் வெறுமையாத்தான் கிடக்கு. பற்றறி போனாலும் பாரம் காணாது. கல்லுமூட்டை ஏத்தப்போறதாக் கேள்வி. ஏன் கல்லு? என்னட்ட 65 கிலோ இருக்கு, பெற்றோல் மணக்காது, தூண்டிலும் போடும், ரோல்ஸுக்கும் காவல். மகள் குளிரெண்டு மறிப்பா. சனிக்கிழமை காலமை அவ எழும்பமுந்தி வந்து ஹோன் அடிக்காமல் நில்லும். மிதப்புச் சட்டையில நடுத்தரம் எனக்கு அளவு.