முன்வரிசைக்கு ஒரு பாராட்டு மடல்

எங்கள் பேட்டை சபாவின் மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

கச்சேரி கேட்பதற்கும் முன்வரிசையில் உட்கார்வதற்கும் சம்பந்தமே கிடையாது என்பதை மார்கழிதோறும் நிரூபித்து வருகிறீர்கள். ரசிகர்கள் சார்பில் அதற்கு முதலில் என் நன்றி.

முதல் இரண்டு வரிசை சோபாக்களிலும் 'ரிசர்வ்டு' என்று அச்சடித்த தாளை செல்லோ டேப் போட்டு ஒட்டிவிடுகிறீர்கள். வர்ணம் முடிகிறது, தாள்கள் அமர்ந்திருக்கின்றன. வித்வான் தோடியை எடுத்து மேல் ஷட்ஜத்தில் நிற்கிறார், தாள்கள் அசையவில்லை. ஏ.சி. காற்றுக்கு ஒன்றிரண்டு படபடத்தன. அதுவும் காலப்பிரமாணத்தில் இல்லை.

அரங்கின் கடைசியில் சுவரோரம் நின்றபடியே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரை முன்னால் உட்கார வைக்கலாமே என்று உங்கள் வாலண்டியர் தம்பியிடம் கேட்டேன். "ஸ்பான்சர் சீட் சார், வந்துடுவாங்க" என்றார். சொன்னபடி வந்தார்கள், தனி ஆவர்த்தனத்துக்கு. கேன்டீனுக்குப் புறப்பட்ட கூட்டமும் அவர்களும் நடைபாதையில் முட்டிக்கொள்ள, அந்தக் களேபரத்தில் மிருதங்கக்காரர் வைத்த மோராவைச் சுவரோரப் பெரியவர் ஒருவர்தான் விரலில் எண்ணிச் சரிபார்த்தார்.

சென்ற சீசனில் மாப்பிள்ளையின் கம்பெனி தயவில் எனக்கும் முன்வரிசை பாஸ் கிடைத்தது. சோபா ஆளை விழுங்கிவிடுகிறது. மேடை ஓரங்களில் நிற்கும் ஒலிபெருக்கிகள் நம்மைத் தாண்டிப் பின்வரிசைக்குப் பாடுகின்றன; நமக்குக் கிடைப்பது பாதிக் குரலும் முழு மிருதங்கமும். ஆனால் பார்க்கக் கிடைப்பது வேறு. தொப்பியில் மிருதங்கக்காரர் அப்பிய ரவை அடிக்கு அடி உதிர்வது தெரிகிறது. பாடகர் ஸ்வரத்தைச் சிக்கலாக முடித்துவிட்டுத் திரும்ப, வயலின்காரர் "இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்" என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே டிக்கெட் காசு தகும். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் மைக்கே வேண்டாம் என்று வாசித்தவர். அந்த நாளில் முன்னால் இடம் பிடித்தவன் கொடுத்துவைத்தவன்.

என் இருபுறமும் இருந்தவர்களுக்கு மேடையில் நடப்பதெல்லாம் தொந்தரவாகவே இல்லை. ஒருவர் போனில் பங்குச்சந்தை பார்த்தார். இன்னொருவர் மூன்றாவது பாட்டிலேயே கொட்டாவி விட்டார், வித்வானுக்கு நேர் எதிரே. வித்வான்கள் கண்ணை மூடிக்கொண்டு பாடுவது பக்தியால் மட்டும் அல்ல.

வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிகிற கச்சேரி பத்ததியை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். ராகத்துக்கும் தானத்துக்கும் நடுவே பொன்னாடை என்றொரு உருப்படியைச் சேர்த்த பெருமை உங்களையே சாரும். முன்வரிசைப் பிரமுகர் வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்ததாம். அவர் மேடையேறி, தமக்கு சங்கீதம் தெரியாது என்று இருபது நிமிடம் விளக்கினார். பல்லவி சுருங்கியது.

டூரிங் டாக்கீஸில் திரைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்தவனுக்குத்தான் மிகக் குறைந்த டிக்கெட், நாற்காலிக்காரர் பின்னால். அதைத் தலைகீழாக்கி மேடையை ஒட்டிய இடத்துக்கு உச்ச விலை வைத்தீர்கள், சரி. ஆனால் திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்னம் பாடும் வித்வான்கள் தரையில் வரிசை கட்டி உட்கார்கிறார்கள். உங்கள் கண்ணில் பட்டால் அங்கேயும் சோபா வந்துவிடுமோ என்றுதான் பயம்.

ஸ்பான்சர் பணம் இல்லாமல் மண்டப வாடகை கட்ட முடியாது, சன்மானமும் கொடுக்க முடியாது. தெரியும். அவர்கள் பெயரை பேனரில் இன்னும் பெரிதாகப் போடுங்கள், கேன்டீனில் முதல் பந்தி கொடுங்கள். பொன்னாடையை மங்களத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிரதான ராகத்தின் ஆலாபனை தொடங்கியும் ஆள் வராத சோபாக்களிலிருந்து தாளைக் கிழித்துவிட்டு, நிற்கிறவர்களை உட்காரச் சொல்லுங்கள். சுவரோரப் பெரியவரை முதலில் கூப்பிடுங்கள். அவருக்கு முழங்கால் வலி.

இப்படிக்கு,
தூண் மறைக்கும் இருக்கையிலிருந்து
ஒரு ரசிகன்