ஆயில் போல்ட்டைக் கழற்றுவோருக்குச் சில ஆலோசனைகள்

முதலில் நல்ல நாள் பார்க்க வேண்டும். மணப்பாறைக்காரர்களுக்கு உகந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அன்று தொடங்கி மறுநாள் வரை மாட்டுச் சந்தை. விடிந்தால் வண்டி கட்டாயம் வேண்டும் என்கிற நிலையில் இன்ஜினுக்கு அடியில் கை வைத்தால்தான் வேலையில் ஒரு விறுவிறுப்பு இருக்கும்.

வண்டி ஸ்பிளெண்டர் என்று வைத்துக்கொள்வோம். 1994இலிருந்து ஓடுகிறது, வேறு எதை வைத்துக்கொள்வது? போல்ட்டின் தலை 17ஆம் நம்பர். அந்த நம்பரில் ரிங் ஸ்பேனர் இல்லையா? கவலை வேண்டாம், ஸ்க்ரூ ஸ்பேனரை எடுங்கள். அது நாலு தடவை வழுக்கினால் முனைகள் தேய்ந்து தலை உருண்டையாகிவிடும். பிறகு பைப் ரென்ச், உளி, சுத்தியல் என்று படிப்படியாக முன்னேறலாம். விவரம் தெரிந்த மெக்கானிக் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்குவார். இளகிய ஆயில் அடியில் தங்கிய கசடையும் இழுத்துக்கொண்டு இறங்கும். அவ்வளவு பொறுமை இருந்தால் நாம் ஏன் மண்ணில் படுத்துக் கிடக்கிறோம்?

போல்ட்டின் தலையை நேராகப் பார்த்துக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் கழலும். மேலிருந்து குனிந்து கைவிடுகிறவருக்கு இது தலைகீழ். ஆகவே இறுக்கிக்கொண்டே, “துருப் பிடிச்சிருக்கு” என்று சொல்லலாம். வேடிக்கை பார்க்கும் மச்சான், “காலால ஒரு மிதி மிதி மாப்ள” என்பார். மிதியுங்கள். போல்ட் இரும்பு, இன்ஜின் கேஸ் அலுமினியம். எது தோற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அடைப்பது. போல்ட்டுக்கும் கேஸுக்கும் நடுவே ஒரு வாஷர் உண்டு. இறுக்கும்போது நசுங்கிக்கொடுத்து இடுக்கை மூடுவதுதான் அதன் பிழைப்பு. ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக நசுங்காது என்பதால் புதிதாகப் போடச் சொல்வார்கள். ஸ்பேர் கடையில் அதற்குச் சில்லறைதான் ஆகும். அந்தச் சில்லறையை மிச்சம்பிடித்து, கூடவே நோட்டும் போட்டு, ஒரு டியூப் கேஸ்கெட் பேஸ்ட் வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் என்ற பெருமிதத்தோடு, முறுக்குப் பிழிவதுபோல் சுற்றுமேல் சுற்றாகப் பிழியுங்கள். வெளியே பிதுங்கியதை விரலால் வழித்துவிடலாம். உள்ளே பிதுங்கியது பிய்ந்துபோய் ஆயில் வலையை அடைக்கும். மேலே ஆயில் ஏறாது, ஒருநாள் நட்டநடுச் சாலையில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். ஆனால் போல்ட் ஒழுகாது. நாம் கேட்டதும் அதுதானே?

கையாலேயே நாலைந்து சுற்று மரையில் ஏற்றிவிட்டுப் பிறகு ஸ்பேனர் வைப்பது பயந்தவர்கள் வழி. கோணலாக வைத்து அழுத்துங்கள். ஒரு ஜாண் ஸ்பேனரின் நுனியில் சுமார் 15 கிலோ அழுத்தம் கொடுத்தாலே போல்ட்டுக்குப் போதும். நமக்குப் போதாது. “இன்னும் ஒரு அரைச் சுற்று” என்று கை ஊறும். அந்த அரைச் சுற்றில் திடீரென்று போல்ட் லேசாகச் சுற்றினால் மரை போய்விட்டது. அடுத்து லேத்துப் பட்டறைதான். ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை போடும் கூலியைக் கேட்டதும் வாஷரின் விலை ஞாபகம் வரும்.

புது ஆயில் ஊற்றுமுன் போல்ட்டை மாட்டியாயிற்றா என்று பாருங்கள். மறந்தவர்கள் உண்டு. வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், மூடிபோட்ட கேனில் பிடித்து, வேஸ்ட் ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். இதை மட்டும் கேலிக்குச் சொல்லவில்லை.