எட்டுப் பண்டிகைச் சீட்டம்மாள்

சீட்டம்மாள் என்பவர் இங்கிலாந்தின் தென்மேற்கில், சிறப்பாகச் சாமர்செட் வட்டாரத்துக் கிளாஸ்டன்பரியில் அடர்ந்து காணப்படும் ஒரு வகை மனிதர். டாரட் சீட்டு பார்ப்பது இவர் தொழில். ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை கொண்டாடுவது இவர் சமயம். இரண்டுக்கும் நடுவிலுள்ள வரப்பு எங்கே ஓடுகிறது என்பதில் வருமான வரித் துறைக்கு மட்டுமே அக்கறை உண்டு.

வயது பெரும்பாலும் நாற்பத்தைந்துக்கு மேல். முன்பு வங்கியிலோ பள்ளி அலுவலகத்திலோ கணக்கெழுதிக் களைத்தவர். ஊதா நிற வெல்வெட் அங்கி, கட்டைவிரல் உட்பட எல்லா விரலிலும் வெள்ளி மோதிரம், கழுத்தில் ஒரு படிகக்கல், இவை அனைத்துக்கும் மேல் ஒரு மழைக்கோட்டு. ஊர் இங்கிலாந்து என்பதால் கடைசிப் பொருள் கட்டாயம். வீட்டில் கறுப்புப் பூனை இருக்கும். கிடைக்காதவர்கள் சாம்பல் நிறத்தை வைத்துச் சமாளிக்கிறார்கள். இவ்வகையில் ஆண்களும் உண்டு. அவர்கள் தாடி வளர்ப்பார்கள், மேளம் அடிப்பார்கள், அடுப்புக்கு விறகு கொண்டுவரச் சொன்னால் தியானத்தில் அமர்ந்துவிடுவார்கள்.

வாழிடமாகக் கிளாஸ்டன்பரி அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஊரை ஒட்டி 158 மீட்டர் உயரக் குன்று ஒன்று, அடிவாரத்தில் இரும்புச் சத்தால் சிவந்து ஓடும் ஊற்று ஒன்று, நடுவில் இடிந்த மடாலயம் ஒன்று. அந்த மடம் 1184இல் தீக்கிரையானது. திரும்பக் கட்டப் பணம் தேவைப்பட்டது. 1191 வாக்கில் ஆர்தர் மன்னரின் கல்லறை தங்கள் இடுகாட்டிலேயே கிடைத்துவிட்டதாகத் துறவிகள் அறிவித்தார்கள். யாத்திரிகர்கள் வந்து குவிந்தார்கள். புனிதத்தையும் வரவு செலவையும் ஒரே கையால் பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதில்லை. இன்று கடைத்தெருவில் ரொட்டி வாங்குவதைவிட மந்திரக்கோல் வாங்குவது சுலபம்.

சீட்டம்மாளின் முதல் கருவி 78 சீட்டுகள் கொண்ட கட்டு. அதில் 22 பெருஞ்சீட்டுகள், 56 சில்லறைச் சீட்டுகள். முதல் கட்டைத் தானே வாங்கக்கூடாது, பிறர் பரிசாகத் தரவேண்டும் என்பது ஐதீகம். ஆகவே எந்தக் கட்டு, எந்தக் கடை, என்ன விலை என்று கணவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பரிசு வந்ததும் வியப்படைவார். இரண்டாவது கட்டிலிருந்து ஐதீகம் கிடையாது. பூனைப் படம் போட்டது, பூப்படம் போட்டது, டிராகன் போட்டது என்று அலமாரி நிறையும். ஒவ்வொன்றும் பட்டுத்துணியில் சுற்றப்பட்டு, பௌர்ணமி இரவில் ஜன்னலோரம் வைத்துத் தூய்மை செய்யப்படும். பௌர்ணமியன்று மேகமூட்டமாக இருந்தால் கலிஃபோர்னியாவின் வெண்சேஜ் இலைக் கட்டைக் கொளுத்திப் புகை காட்டுவார். கூரையில் பொருத்திய தீயறிவிப்பான் அலறும். அதையும் ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சீட்டுகள் எகிப்தியப் பூசாரிகளின் ரகசிய ஞானம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லப்படும். வரலாறு கொஞ்சம் தாழ்வான இடத்தில் தொடங்குகிறது. 15ஆம் நூற்றாண்டின் நடுவில் வட இத்தாலியில், மிலன், ஃபெராரா அரண்மனைகளில் பொழுது போகாத பிரபுக்கள் ஆடிய சீட்டாட்டம் அது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் ஆடத்தான் ஆடினார்கள். 1781இல் கூர் தெ ஜெப்லான் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பாரிஸில் ஒரு சீட்டுக்கட்டைப் பார்த்துவிட்டு, இது எகிப்தின் பழஞ்சுவடி என்று எழுதிவைத்தார். எகிப்தியச் சித்திர எழுத்துகளை ஷாம்போலியன் படித்துக் காட்டியது 1822இல். ஆகவே நாற்பது ஆண்டுகளுக்கு அவரை மறுக்க ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. அந்த இடைவெளியில் எத்தெயா என்ற அச்சுப்பட வியாபாரி இதைக் கட்டணத் தொழிலாகவே ஆக்கிவிட்டார். பிரான்ஸில் இன்றும் நான்கு பேர் மேசை போட்டு டாரட் ஆடுகிறார்கள், படங்கள் மட்டும் வேறு. விடுமுறைக்கு அங்கே போகும் சீட்டம்மாள், ஒரு கிழவர் துருப்புச் சீட்டை ஓங்கி அறைந்து பந்தயம் ஜெயிப்பதைக் கண்டால், கோயில் மணியை மாட்டின் கழுத்தில் பார்த்தவர்போல் திகைத்து நிற்பார்.

இன்று பெரும்பாலோர் கையிலிருப்பது 1909இல் லண்டனில் வெளியான கட்டு. எழுத்துக்காரர் ஏ. ஈ. வெயிட் யோசனை சொன்னார். பமேலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் அத்தனை படங்களையும் வரைந்தார். கட்டுக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் பதிப்பாளர் ரைடருடையதும் வெயிட்டுடையதும்தான். பெரிய வேலை, சின்னக் காசு என்று நண்பருக்குக் கடிதம் எழுதிய பமேலா, 1951இல் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். உலகெங்கும் இவ்வளவு பேருக்கு எதிர்காலம் காட்டிய படங்கள் வரைந்தவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். சீட்டு வாங்குவோர் அவர் பெயரையாவது சேர்த்துச் சொல்வது கடமை. நல்ல சீட்டம்மாள்கள் இப்போது சொல்லவும் செய்கிறார்கள்.

அடுத்தது பண்டிகைச் சக்கரம். அக்டோபர் 31 சௌவின், டிசம்பர் 21 யூல், பிப்ரவரி 1 இம்போல்க், மார்ச் 21 ஓஸ்டாரா, மே 1 பெல்டேன், ஜூன் 21 லித்தா, ஆகஸ்ட் 1 லூனசா, செப்டம்பர் 22 வாக்கில் மேபான். ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒரு பண்டிகை. பல்லாயிரம் ஆண்டுகளாக முன்னோர்கள் இந்த எட்டையும் விடாமல் கொண்டாடினார்கள் என்பது சீட்டம்மாளின் உறுதியான நம்பிக்கை. தனித்தனியே சில நாள்கள் பழையவை என்பது உண்மை. அயர்லாந்தின் இடைக்கால ஏடுகளில் நான்குக்குச் சான்று உண்டு. எட்டையும் ஒரே சக்கரத்தில் ஆணியடித்துப் பொருத்தியது 1950களின் வேலை. அதில் பெரும் பங்கு ஜெரால்டு கார்ட்னருடையது. 1900இல் பதின்பருவத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து, பிறகு மலாயாவில் ரப்பரும் சுங்கமும் பார்த்து, 1936இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பிய மனிதர். ஓய்வுக்காலத்தில் சிலர் தோட்டம் போடுவார்கள். இவர் ஒரு மதம் போட்டார். சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது, 1954இல் அந்த மதத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. செப்டம்பர்ப் பண்டிகையின் பெயர் இன்னும் இளையது: 1970களில் எய்டன் கெல்லி என்ற அமெரிக்கர், நாள்காட்டியில் அந்தக் கட்டம் அழகான பெயரின்றி நிற்கிறதே என்று வெல்ஷ் கதையொன்றிலிருந்து எடுத்து ஒட்டியது. அந்தப் பெயரைவிட அதைச் சொல்லிக் கொண்டாடும் பல சீட்டம்மாள்களுக்கு வயது கூடுதல்.

சௌவின் இவருடைய தீபாவளி என்று சொல்லக்கூடாது. தீபாவளிக்கு முதல் வாரத் துணிக்கடைக்காரர் நிலை என்று சொல்லலாம். இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவிலுள்ள திரை அன்றிரவு மெலிந்துவிடும் என்பது கொள்கை. திரை மெலிகிற இரவில் சந்திப்பு நேரம் கிடைப்பது கடினம். செப்டம்பரிலேயே பதிவு முடிந்துவிடும். வெளியே ஹாலோவீன் வேடமிட்ட குழந்தைகள் மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க, உள்ளே மௌன விருந்து நடைபெறும். மேசையில் இறந்தவருக்கென்று ஒரு தட்டு, ஒரு கிண்ணம், ஒரு மெழுகுவர்த்தி. யாரும் பேசக்கூடாது, உப்பு வேண்டுமென்றால் சைகை காட்டவேண்டும். தட்டுக்குப் பின்னால் பாட்டியின் புகைப்படம் இருக்கும். அந்தப் பாட்டி மெதடிஸ்ட் சபைக்காரர், உயிரோடிருந்தவரை வீட்டுக்குள் சீட்டுக்கட்டே நுழைய விடாதவர். திரை எவ்வளவு மெலிந்தும் அவர் இதுவரை வாய் திறக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆப்பிள் தோலை அறுபடாமல் சீவித் தோளுக்குப் பின்னால் எறிந்து, விழுந்த வடிவில் வருங்காலக் கணவரின் முதலெழுத்தைப் பார்ப்பதும் இந்த இரவின் பழைய விளையாட்டு. ஆப்பிள் தோல் இயல்பாகச் சுருண்டு விழும் பொருள் என்பதால் சி, எஸ், ஓ எழுத்துக்காரர்களுக்கு இங்கிலாந்தில் கிராக்கி அதிகம்.

யூல் என்பது ஆண்டின் மிகக் குறுகிய பகல். பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் நாட்டில், சூரியன் திரும்பி வரப்போகிறான் என்பதைக் கொண்டாட எகிப்தியச் சான்றெல்லாம் தேவையில்லை. சீட்டம்மாள் கட்டை எரிப்பார், மிஸில்டோ தொங்கவிடுவார், கூடத்தில் மரம் நடுவார். அந்த மரம் 21ஆம் தேதி யூல் மரம். 25ஆம் தேதி மாமியார் வரும்போது அதே மரம் கிறிஸ்துமஸ் மரம். பொம்மைகள்கூட மாறுவதில்லை, உச்சியிலிருக்கும் நட்சத்திரத்துக்கு மட்டும் இரு விளக்கங்கள் தயாராக இருக்கும். ஆதி காலத்து வழக்கம் என்று அவர் சொல்லும் அந்த மரம், ஜெர்மனியில் பிறந்த அரசி ஷார்லட் வழியாக 1800இல் அரண்மனைக்கு வந்தது. 1848இல் விக்டோரியா குடும்பத்தை மரத்தோடு காட்டிய பத்திரிகைப் படம் வந்த பிறகே வீட்டுக்கு வீடு பரவியது.

யூலின் முக்கியச் சடங்கு பன்னிரண்டு சீட்டு. வட்டமாகப் பரப்பி, வரும் ஆண்டின் மாதத்துக்கு ஒன்றாகப் படிக்கவேண்டும். இதோடு ஜெர்மன் மொழி பேசும் நாடுகளின் புகை இரவுகளையும் கடன் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி 6க்கும் இடைப்பட்ட பன்னிரண்டு இரவுகள், ஒவ்வொன்றும் ஒரு மாதத்தைக் காட்டும். பதின்மூன்று விருப்பங்களைத் தனித்தனித் தாளில் எழுதி, இரவுக்கு ஒன்றைப் பிரிக்காமல் எரிக்கவேண்டும். எரித்த பன்னிரண்டையும் பிரபஞ்சம் பார்த்துக்கொள்ளும். மிஞ்சிய ஒன்றைப் பிரித்துப் படித்து, எழுதியவரே நிறைவேற்றவேண்டும். அந்த ஒன்று உடல் எடைக் குறைப்பாகவே வந்து சேருவதாகக் குறை உண்டு. ஜனவரி 17 வசேல் எட்டில் சேராது; ஆனாலும் சீட்டம்மாள் விடமாட்டார். சாமர்செட்டின் ஆப்பிள் தோப்புகளில் சைடரில் ஊறிய ரொட்டித் துண்டைக் கிளையில் வைத்து, துப்பாக்கி வெடித்து, மரத்தைப் பாடி எழுப்புவார்கள். இது அசல் கிராம வழக்கம். சைடர் மரத்துக்குப் போனது போக மீதியும் உண்டு.

பிற பண்டிகைகளில் அவ்வளவு விசேஷமில்லை. இம்போல்க்குக்கு நாணல் சிலுவை பின்னுவார். ஓஸ்டாராவுக்கு முட்டை; அந்தப் பண்டிகைப் பெயருக்குரிய தேவியைப் பற்றி நமக்குள்ள பழைய சான்று, 725இல் பீட் என்ற துறவி போகிற போக்கில் எழுதிய ஒரு குறிப்புதான். பெல்டேனுக்கு எடின்பரோவின் கால்டன் குன்றில் 1988 முதல் நெருப்பு விழா நடக்கிறது, வசதியுள்ளவர்கள் ரயிலேறுவார்கள். லூனசாவுக்கு ரொட்டி சுடுவார், மேபானுக்கு அதைப் பற்றிப் பேசுவார்.

பலன் சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. பெரிய கேள்விகளுக்குப் பத்துச் சீட்டைப் பரப்பும் கெல்டிக் சிலுவை. பழங்கெல்டிக் முறை என்ற பெயரோடு அச்சில் பரப்பியவர் மேற்படி வெயிட்தான். கலைக்கும்போது தவறி விழும் சீட்டுக்குத் தனிப் பொருள் உண்டு, ஆகவே கை நடுக்கம் இந்தத் தொழிலில் குறையாகாது. சீட்டம்மாளின் கட்டில் கெட்ட சீட்டே கிடையாது. மரணச் சீட்டு வந்தால் மாற்றம் என்பார். மின்னல் தாக்கி ஆட்கள் தலைகீழாக விழும் கோபுரச் சீட்டு வந்தால் விடுதலை. முதுகில் பத்து வாள் குத்திக் கிடக்கும் மனிதனின் படம் வந்தால், இதற்கு மேல் மோசமாக எதுவும் நடக்காது என்பதால் நல்ல செய்தி. நம் ஊர்க் கிளி ஜோசியர்கூடச் சில சீட்டுக்குப் பரிகாரம் சொல்வார். இவரிடம் அதுவும் தேவைப்படாது.

இதைக் கேலி செய்வது எளிது. குடும்ப மருத்துவர் நோயாளிக்கு ஏறத்தாழப் பத்து நிமிடம் ஒதுக்கும் நாட்டில், முகம் பார்த்து ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பவர் இவர் ஒருவர்தான் என்பதையும் எழுதியாகவேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் முடிவெடுத்துவிட்டே வருகிறார்கள்: வேலையை விடுவது, வீட்டை விற்பது, அவரை விட்டுவிடுவது. சீட்டில் உள்ள ராணி ஆமென்று தலையசைத்தால் போதும். தேநீரும் பிஸ்கட்டும் கட்டணத்தில் அடக்கம்.

சட்டமும் காலப்போக்கில் தணிந்துவிட்டது. 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டம் குறிசொல்வோரைச் சிறையில் தள்ள இடமளித்தது. இப்போது 2008 முதல் பொதுவான நுகர்வோர் விதிகளே பொருந்துகின்றன. எனவே பிரபஞ்சத்தின் ரகசியங்களைத் திறந்துகாட்டும் விளம்பரத்தின் அடியில், பொழுதுபோக்குக்காக மட்டும் என்று எறும்பெழுத்தில் ஒரு வரி இருக்கும். மிகச் சரியாகக் கணிக்கப்பட்ட வரி அது ஒன்றுதான்.

ஜூன் மாத லித்தாவுக்கு இவர்கள் வேன் பிடித்து ஸ்டோன்ஹெஞ்ச் போவார்கள். 2000 முதல் அந்த இரவில் கற்களுக்கு நடுவே இலவசமாக நிற்க அனுமதி உண்டு. விடிகாலை ஐந்து மணிக்குள் சூரியன் உதிக்கவேண்டும். பல ஆண்டுகளில் மேகம்தான் உதிக்கிறது. வேனுக்குரிய பணத்தை முன்கூட்டியே கட்டவேண்டும், மழை வந்தால் திருப்பித் தரப்படாது. அன்று மழை வருமா என்பதைச் சீட்டம்மாள் வானிலை அறிக்கையில்தான் பார்க்கிறார்.