பச்சை மேசை மூப்பிலக்கணம்

ஸ்னூக்கரில் மூப்பு இருவகைப்படும்: பதிவால் வருவது, முழங்காலால் வருவது. முன்னதற்குப் பிறப்புச் சான்றிதழ் போதும்; 40 வயது நிறைந்தவர் மூத்தோர் உலகப் போட்டிக்கு உரியவராகிறார். பின்னதற்கு எந்த அலுவலகமும் சான்றளிப்பதில்லை. நாற்காலியிலிருந்து எழும் முறையைக் கொண்டே அதை அறிய வேண்டும்.

பதிவு மூப்பின் வரலாறு குறுகியது. 1991இல் நடந்த முதல் போட்டியின் இறுதியாட்டத்தில், 1934இல் பிறந்த வேல்ஸ் நாட்டுக் கிளிஃப் வில்சன், 1929இல் பிறந்த ஆஸ்திரேலியரான எடி சார்ல்டனை 5-4 என வென்றார். இதை இளமையின் வெற்றி என்று கொள்ளவும் இடமுண்டு. அதன்பின் 2010 வரை இப்போட்டி நடைபெறவில்லை. அவ்விடைக்காலத்தில் எவரும் மூப்படையவில்லை என்பது பொருந்தாது. அடைந்த மூப்பு முறைப்படி ஏற்கப்படவில்லை என்பதே சரி.

முழங்கால் மூப்போ விரிவான ஆய்வுக்குரியது. மேசை ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. உயரம் 3 அடிக்குச் சற்றுக் குறைவு. அடிக்கும்போது ஒரு பாதமேனும் தரையில் பட்டிருக்க வேண்டும். இரண்டும் எழுந்தால் ஃபவுல். நடுமேசையில் நின்றுவிட்ட வெள்ளைப் பந்தை எட்டுவதற்கு இளையவர் ஒரு காலை விளிம்பில் ஏற்றி, மறுகாலின் பெருவிரல் நுனியால் விதியைக் காப்பாற்றுவார். மூத்தவர் அதை இரண்டு கால்களாலும் காப்பாற்றுவார். அதாவது, ரெஸ்ட் எடுப்பார். பெருக்கல் குறி போன்ற தலையை உடைய இந்த நீள்கோல் பெரும்பாலும் மேசைக்கு அடியில் மாட்டப்பட்டிருக்கும். எனவே மேசைக்கு மேலே குனிய மறுத்தவர் அதன் கீழே குனிய நேர்கிறது. நடுவர் எடுத்துக் கொடுப்பதும் உண்டு. அங்கே நடுவரின் வயதும் கருதத்தக்கது.

நாற்காலிக்கு வருவோமாயின், எதிராளி பந்துகளைத் தவறாமல் குழியில் இறக்கும்வரை மற்றவர் அமர்ந்தே இருக்க வேண்டும். அவர் தவறவிட்ட கணமே எழ வேண்டும். ஆதலால் நூறு புள்ளி பிரேக் போடும் எதிராளியை மூத்த ஆட்டக்காரர் முழு வெறுப்போடு நோக்குகிறார் என்று துணிந்து கூறுவதற்கில்லை.

மூக்குக் கண்ணாடியை மூப்பின் அடையாளமாகக் கொள்வாரும் உளர். அது பிழை. மோவாய் கியூவைத் தொடும்படி குனிந்தால் பார்வை சாதாரணக் கண்ணாடியின் மேல்விளிம்பில் முட்டும். எனவே ஜாக் கார்னெம் வடிவமைத்துத் தந்த, தலைகீழாக மாட்டியது போன்ற பெருங்கண்ணாடியை டென்னிஸ் டெய்லர் அணிந்தார். அதனோடு அவர் 1985 உலக இறுதியாட்டத்தில், நள்ளிரவு கடந்தபின், கடைசிக் கறுப்புப் பந்தில் ஸ்டீவ் டேவிஸை 18-17 என வென்றபோது அவருக்கு வயது 36. கண்ணாடி குனிதலின் இலக்கணமே அன்றி மூப்பின் இலக்கணம் அன்று.

மூப்பினால் விளையும் பயனுக்கு ஜிம்மி வைட் ஒருவரே போதிய சான்று. ஷெஃபீல்ட் நகரின் குரூசிபிள் அரங்கில் அவர் ஆறு உலக இறுதியாட்டங்களில் தோற்றார். 1994இல், தம் 32ஆம் பிறந்தநாளன்று, கடைசி ஃப்ரேமில் ஒரு கறுப்புப் பந்தைத் தவறவிட்டு ஸ்டீஃபன் ஹென்ட்ரியிடம் 17-18 என இழந்ததும் அவற்றுள் அடங்கும். பின்னர் 2010, 2019, 2020, 2023 ஆகிய ஆண்டுகளில் மூத்தோர் பட்டம் பெற்றார். இவற்றுள் 2019ஆம் ஆண்டினது அதே அரங்கில் பெற்றது. அரங்கு மாறவில்லை, மேசையின் அளவும் மாறவில்லை. மாறியது எதிராளிகளின் பிறந்த ஆண்டே என்பது இவ்வாசிரியர் கருத்து.

இனிப் புறனடை. 2022இல் ரானி ஓ'சல்லிவன் 46 வயதில் உலகப் பட்டம் வென்றார். 2025இல் மார்க் வில்லியம்ஸ் 50 வயதில் உலக இறுதியாட்டம் வரை சென்று, ஜாவ் ஷின்டாங்கிடம் 12-18 எனத் தோற்றார். இவர்கள் பதிவால் மூத்தவர்கள், தரவரிசையால் இளையவர்கள். இவர்களைத் தனி இனமாக வைப்பதே முறை. ஃபிரெட் டேவிஸின் நிலை இதனினும் தெளிவானது. அவர் 1978இல் 64 வயதில் உலகப் போட்டியின் அரையிறுதியில் ஆடினார். அப்போது மூத்தோர் உலகப் போட்டி தோன்றியிருக்கவில்லை. ஆகையால் அவரை இளையோருள் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.